சட்டை பாக்கெட் ரோஸ் கலர் ஆச்சு, கை ஆகல... கேஸ் நிக்குமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் விஏஓ. பட்டா மாறுதலுக்கு லஞ்சம் கேட்டார்னு லஞ்ச ஒழிப்பு போலீஸ் டிராப் (பொறி) வச்சு புடிச்சிட்டாங்க. கை கழுவுன தண்ணி கலர் மாறல, சட்டை பாக்கெட்டை முக்குன தண்ணி மட்டும் ரோஸ் ஆயிடுச்சு. மனு கொடுத்தவரே பாக்கெட்ல திணிச்சிட்டாருன்னு சொல்றார். ஜெயிலுக்கு போயிடுவாரா சார்?

பதில்: அம்மா, முதல்ல அந்த ரோஸ் கலர் என்னன்னு புரிஞ்சுக்கோங்க. கொடுக்கிறதுக்கு முன்னாடியே போலீஸ் நோட்டுல தடவுறது பினாப்தலின் பவுடர், அது சோடியம் கார்பனேட் தண்ணில பட்டா ரோஸ் ஆகும், அவ்ளோதான். நோட்டு அந்த பாக்கெட்டுக்குள்ள போச்சுன்னு அது சொல்லும், யார் வச்சாங்கன்னோ உங்க வீட்டுக்காரர் கேட்டாருன்னோ சொல்லாது.

பாக்கெட் மட்டும் மாறி ரெண்டு கையும் மாறலங்கிறது அவர் சொல்றதோட ஒத்துப்போகுது, இது சின்ன பாயின்ட் இல்ல. ஒவ்வொரு கைக்கும் தனி பாட்டில், பாக்கெட்டுக்கு தனி பாட்டில்னு எடுத்து சீல் வச்சு லேபிள்ல சாட்சிகிட்ட கையெழுத்து வாங்கிருப்பாங்க. மகஜர்ல (நடந்ததை அந்த இடத்துலயே சாட்சி முன்னாடி எழுதுற அறிக்கை) "கை கழுவியதில் நிறம் மாறவில்லை"னு எழுதிருக்கான்னு வரிவரியா பாருங்க. குற்றப்பத்திரிகை வந்ததும் பிஎன்எஸ்எஸ் (புது குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 230-வது பிரிவுப்படி எல்லா காப்பியும் இலவசமா கொடுத்தாகணும், லேப் ரிப்போர்ட்டையும் மகஜரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாட்டில் நம்பர் ஒத்துப்போகுதான்னு செக் பண்ணுங்க.

2014-ல பி. ஜெயராஜ் கேஸ்ல (அவரும் ஆந்திராவுல ரெவின்யூ ஆபீசர்தான்) சுப்ரீம் கோர்ட், லஞ்சம் கேட்டதை நிரூபிக்காம வெறும் நோட்டு கிடைச்சதை மட்டும் வச்சு தண்டிக்க முடியாதுன்னு தெளிவா சொல்லிருச்சு. ஆனா நான் உங்களுக்கு பொய் தைரியம் கொடுக்க மாட்டேன். 2022-ல நீரஜ் தத்தா கேஸ்ல அஞ்சு ஜட்ஜ் பெஞ்ச், புகார் கொடுத்தவர் பல்டி அடிச்சாலும் செத்தே போனாலும் மத்த சாட்சி, சூழ்நிலைய வச்சு கேட்டதை நிரூபிக்கலாம்னு சொல்லிருக்கு. புகார்தாரர் கூட போலீஸ் அனுப்பின சாட்சி காதால என்ன கேட்டார், போன்ல பேசுன ரெக்கார்டிங் இருக்கான்னு பாக்கணும், கேஸே அங்கதான் இருக்கு. நிரூபணம் ஆச்சுன்னா ஊழல் தடுப்புச் சட்டம் 7-வது பிரிவுல குறைஞ்சது 3 வருஷம், அதிகபட்சம் 7.

"திணிச்சாங்க"ன்னு அவர் அந்த இடத்துலயே சொன்னாரா, அதை எழுதினாங்களா? அப்போ சும்மா இருந்துட்டு விசாரணைல முதல் தடவையா சொன்னா கோர்ட் லேசுல நம்பாது. பட்டா ஃபைல் அன்னிக்கு யார் டேபிள்ல இருந்துச்சு, ஏற்கனவே தாலுகா ஆபீசுக்கு அனுப்பிட்டாரான்னும் தேதியோட எடுத்து வைங்க.

இன்னொன்னு, சொந்தக்காரங்க யாராவது "நாங்க பேசி முடிக்கிறோம்"னு புகார்தாரர் வீட்டுக்கு கிளம்பினா தடுத்துருங்க, ஜாமீனே போயிடும்மா.