தென் கொரியாவில் ஆங்கிலம் கற்பிக்கப் போகும் தன்பாலீர்ப்பாளருக்கு வாழ்க்கை எப்படி இருக்கும்?

அங்கே தன்பாலுறவு குற்றமன்று. இராணுவச் சட்டம் மட்டுமே இதற்கு விலக்கு. ஆனால் பாலீர்ப்பைக் காரணம் காட்டி வேலையைவிட்டு நீக்குவதைத் தடுக்கும் பொதுவான பாகுபாடு எதிர்ப்புச் சட்டம் இன்னும் இயற்றப்படவில்லை. வெளிநாட்டு மொழி ஆசிரியர்களுக்குத் தரப்படும் இ-2 விசா, வேலை தரும் நிறுவனத்தோடு பிணைந்தது. ஹாக்வோன் எனப்படும் தனிப்பயிற்சி நிலையங்கள் பெரும்பாலும் குடியிருப்பையும் தாமே தருவதால், வேலை போனால் வீடும் விசாவும் சேர்ந்தே ஆட்டம் காணும். ஆகவே பலரும் பணியிடத்தில் வாய் திறப்பதில்லை. "கல்யாணம் ஆயிற்றா?" என்று மாணவர்களே கேட்பார்கள், சிரித்து மழுப்பப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். சியோலில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் இடங்களில், இதேவோன் பகுதியின் குன்றுச் சந்து மதுக்கூடங்களில் வெளிநாட்டவரும், ஜோங்னோ 3-கா பகுதியில் உள்ளூர்க்காரர்களும் மிகுதி. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தன்பால் இணையருக்கு மருத்துவக் காப்பீட்டில் சார்ந்தோர் உரிமையை ஏற்றது; ஆனால் தன்பால் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு இல்லை.