சோலார் வேலை என்று சொன்னால் உடனே கிளம்பிவிடாதீர்கள் தம்பி

"மலேசிய அரசு சோலாருக்குப் பணத்தைக் கொட்டுகிறதாமே, ஐடிஐ எலெக்ட்ரீஷியனுக்கு கெடா மாநிலத்து பீடோங் பக்கம் வேலை கிடைக்குமா? ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். வாடகை, சாப்பாடு எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையும் சாப்பாடும் சமாளித்துக்கொள்ளலாம். அந்த ஒன்றரை லட்சம்தான் எனக்கு வயிற்றெரிச்சல்.

பணம் வருவது உண்மை. 2023-இல் அறிவித்த எரிசக்தி மாற்றத் திட்டப்படி, 2050-க்குள் மின் உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு வெயில், தண்ணீர் போன்ற புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக இருக்க வேண்டும். தொடக்க நிதியே 200 கோடி வெள்ளி (ரிங்கிட்). எங்கள் பக்கம் புக்கிட் செலம்பாவில் 30 மெகாவாட் சோலார் பண்ணை ஓடுகிறது, கூலிமில் பேனல் ஆலையே இருக்கிறது. ஆனால் ஆள் நிறைய வேண்டியது கட்டும்போதுதான். தூண் அடித்து, பேனல் பூட்டி, கேபிள் இழுத்து முடிந்ததும் கான்ட்ராக்டர் கிளம்பிவிடுவார். அப்புறம் புல் வெட்ட, பேனல் கழுவ நாலு பேர் போதும். மின் இணைப்பில் கை வைக்க இங்குள்ள எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் (வயரிங் செய்பவர்), சார்ஜ்மேன் (மின் அமைப்பைப் பொறுப்பேற்று இயக்குபவர்) சான்றிதழ் வேண்டும். ஊர் ஐடிஐ மட்டும் செல்லாது.

பெர்மிட்டில் எந்த முதலாளி, எந்தத் துறை என்று பாருங்கள். தோட்டத்துக்கு எடுத்த பெர்மிட்டில் சோலார் வேலை செய்து பிடிபட்டால் லாக்கப் உங்களுக்குத்தான். பதிவுபெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் மட்டுமே வாங்கலாம். அவர் பதிவை இந்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்காதீர்கள், முதலாளி அதை வைத்துக்கொள்வது இங்கே சட்டப்படி குற்றம்.

என்னையும் வயரிங் வேலை என்றுதான் அழைத்துவந்தார்கள். இறக்கிவிட்டது செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில். பாஸ்போர்ட் முதலாளியின் இரும்புப் பெட்டிக்குள் போய்விட்டது. கூட வந்தவர்களில் சிலர் கடன் கட்ட முடியாமல் தவித்துக்கொண்டே, ஊருக்கு மட்டும் கூலிங்கிளாஸ் போட்ட படம் அனுப்பினார்கள். அந்தப் படத்தைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் வந்து மாட்டினார்கள். அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

நான் மலாய் கற்றுக்கொண்டேன். லாயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், பக்கத்து வீட்டுப் பாட்டி, பழைய மலாய்ப் பேப்பரை விரித்துவைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படிக்கச் சொல்லும். இன்று டெண்டர் அறிவிப்பை நானே படிக்கிறேன். அந்தப் பாட்டியின் பேரனைத்தான் விடாமல் நச்சரித்து சார்ஜ்மேன் படிக்க வைத்தேன். இப்போது அவன் சோலார் பண்ணையில் நிரந்தர வேலையில் இருக்கிறான்.