கியோசா ஒட்டுகிறதா? தண்ணீரைக் கவனியுங்கள்

கேள்வி: வீட்டில் ஜப்பானிய கியோசா (மெல்லிய மாவில் பூரணம் வைத்து மடித்துச் சுடும் கொழுக்கட்டை) செய்து பார்க்கிறேன். தேய்த்த மாவு சுருங்கிக்கொள்கிறது, மடிக்கும்போதே பூரணம் ஈரம் விட்டுக் கிழிகிறது, தப்பிப் பிழைத்தவையும் வாணலியில் ஒட்டிக்கொள்கின்றன. என்ன செய்யலாம்?

பதில்: மூன்றுக்கும் காரணம் தண்ணீர்தான். முதலில் மாவுக்கு வருவோம். நீங்கள் பச்சைத் தண்ணீரில் பிசைந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். 200 கிராம் மைதாவில் ஒரு சிட்டிகை உப்பு போட்டு, நன்றாகக் கொதிக்கும் தண்ணீர் 110 மில்லி ஊற்றிக் கரண்டிக்காம்பால் கிளறுங்கள். கொதிநீர் பட்டதும் மாவு பாதி வெந்துவிடும், மாவை இழுபட வைக்கும் குளூட்டன் என்ற புரதத்தின் இழுவிசையும் குறையும். அதனால் தேய்த்த வட்டம் திரும்பச் சுருங்காது. கை பொறுக்கும் சூட்டில் பிசையுங்கள். காதுமடலைத் தொட்டால் இருக்கும் மென்மை வர வேண்டும் என்று ஜப்பானில் சொல்வார்கள், அதுதான் பதம். அரை மணி நேரம் மூடி வைத்து, 25 உருண்டைகளாக்கி, 9 சென்டிமீட்டர் வட்டங்களாக, ஓரம் மெலிந்து நடு சற்றுத் தடித்திருக்கும்படி தேயுங்கள். ஒன்றின்மேல் ஒன்று அடுக்குவதானால் இடையில் சோளமாவு தூவுங்கள்.

பூரணம் நீர் விடுவதற்கு முட்டைகோஸ்தான் காரணம். 200 கிராம் கோஸைப் பொடியாக நறுக்கி, அரை டீஸ்பூன் உப்பு பிசறி, பத்து நிமிடம் கழித்து ஒட்டப் பிழியுங்கள். பிழிந்தபின் பாதியாகக் குறைந்துவிட்டதே என்று பயப்படாதீர்கள், அப்படித்தான் குறைய வேண்டும்.

பன்றி இறைச்சிக் கொத்துக்கறி 200 கிராம், சற்றுக் கொழுப்போடு. கோழி என்றால் தொடைக்கறி, நெஞ்சுக்கறி வறண்டுபோகும். கறியில் சோயா சாஸ் மட்டும் சேர்த்து, கையில் ஒட்டும் வரை பிசைந்துவிட்டு, அப்புறம்தான் கோஸ், இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், எள் எண்ணெய். ஜப்பானிய எள் எண்ணெய் வறுத்த எள்ளில் எடுப்பது. நம் நல்லெண்ணெயில் அந்த வாசனை வராது, சாப்பிடக் குறையொன்றும் இல்லை.

ஒன்றுக்கு 12 கிராம் பூரணம், அதாவது நிரம்பாத ஒரு டேபிள்ஸ்பூன் போதும். ஓரத்தில் தண்ணீர் தடவி, முன்பக்க மாவை மட்டும் கொசுவிப் பின்பக்கத்தோடு ஒட்டுங்கள். கியோசா பிறைபோல் வளைந்து தானாக உட்காரும், அடியும் தட்டையாகும்.

இனி வாணலி. கியோசா ஒட்டுவது பெரும்பாலும் அவசரத்தால்தான். நான்ஸ்டிக் வாணலியில் ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய் காய்ந்ததும் அடுக்கி, அடி லேசாகப் பொன்னிறமாகும் வரை இரண்டு நிமிடம் தொடாதீர்கள். பிறகு கியோசா உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு வெந்நீர் ஊற்றி, உடனே மூடி, ஐந்து நிமிடம். மூடியைத் திறந்ததும் காது கொடுத்துக் கேளுங்கள். கொதிக்கும் களகளச் சத்தம் அடங்கி, எண்ணெய் பொரியும் சடசடப்பு தொடங்கும். தண்ணீர் வற்றிவிட்டது என்று பொருள். ஓரத்தில் சிறிது எள் எண்ணெய் விட்டு இன்னொரு நிமிடம். மொறுமொறுத்த அடி தானே விட்டுக் கொடுக்கும். கரண்டியால் நெம்ப வேண்டி வந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. தோசைக்கல் இதற்கு ஆகாது, தண்ணீர் நிற்காது.

ஊற்றும் தண்ணீரில் 100 மில்லிக்கு ஒரு டீஸ்பூன் மைதா கரைத்தால், கியோசாக்களை இணைத்து மெல்லிய சிறகுபோல் ஒரு மொறுமொறு தகடு வரும். அது பழகிய பிறகு போதும். ஜப்பானின் ஹமமட்சு நகரத்தில் கியோசாவை வட்டமாக அடுக்கிச் சுட்டு, நடுவில் அவித்த முளைகட்டிய பயறு வைத்துத் தருகிறார்கள். அதைத் தாராளமாக முயலலாம்.

தொட்டுக்கொள்ள சோயா சாஸும் அரிசி வினிகரும் சம அளவு, மேலே சில சொட்டு மிளகாய் எண்ணெய்.

மீதியை வேகவைக்காமலே, மாவு தூவிய தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் ஃப்ரீசரில் இறுக வைத்து, பிறகு பையில் போடுங்கள். சுடும்போது உறைநிலை போக விடாதீர்கள், மாவு நசநசத்துக் கிழியும். நேராக வாணலிக்குப் போகட்டும். தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி, மூடியை வழக்கத்தைவிட இரண்டு நிமிடம் கழித்துத் திறந்தால் போதும்.