துருவை மூடிப் பெயின்ட் அடித்துவிட்டு வண்டியைத் தர மறுக்கிறார்கள்

கேள்வி: என்னிடம் 1971-ஆம் ஆண்டு எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், மேற்கூரை இல்லாத ஓப்பன் வகை, ஒன்று இருக்கிறது. பழைய கார்களைப் புதுப்பித்துத் தரும் ஒரு பட்டறையில் இரண்டு வருடத்துக்கு முன் விட்டேன். 'பாடி வேலை, துரு வேலை, பெயின்ட், முழுவதும்' என்று ஒரு தாளில் எழுதி எஸ்டிமேட் கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொள்ளலாம், மீதிப் பணத்தை அப்புறம் மூன்று தவணையில் தரலாம் என்று உரிமையாளர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார். பழைய பெயின்டைச் சுரண்டிய பிறகு, 'சில் போயிடுச்சு, தரையும் போயிடுச்சு, வேலை கூடும்' என்று செய்தி வந்தது (சில் என்பது கதவுகளுக்குக் கீழே ஓடும் தகட்டுப் பெட்டி). 'செய்ய வேண்டியதைச் செய்யுங்க' என்று பதில் போட்டேன். இப்போது எஸ்டிமேட்டைப் போல இரண்டரை மடங்கு பில் வந்திருக்கிறது. பெயின்ட் அடித்து நான்கு மாதம்தான் ஆகிறது. அதற்குள் கதவுக்குக் கீழே கொப்புளம் கிளம்பிவிட்டது. நான் பார்க்கும்போதே ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள், அந்த இடம் நொறுங்கி உள்ளே போனது. கழற்றி வைத்த பழைய மீட்டர்களும் சக்கரங்களும் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. முழுப் பணமும் கட்டாமல் வண்டி கிடையாது, இன்று முதல் நாள் வாடகையும் உண்டு என்கிறார்கள். என்னிடம் மாற்றுச் சாவி இருக்கிறது. போய் எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்காதீர்கள். மாற்றுச் சாவியை இன்றே வேறு யாரிடமாவது கொடுத்து வையுங்கள். இந்த விவகாரத்தில் மற்ற தவறுகளை எப்படியாவது சரிசெய்துகொள்ளலாம், இதை முடியாது. சொந்த வண்டியை எடுப்பது எப்படித் திருட்டாகும் என்று தோன்றும். இங்கிலாந்தில் ஒருவர் பழுதுபார்க்க விட்டிருந்த தன் காரை, பட்டறைக்கு வெளியே தெருவில் நின்றபோது மாற்றுச் சாவி போட்டு எடுத்துப் போனார். பணம் கட்டவில்லை. திருட்டு என்று தண்டிக்கப்பட்டார், 1971-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்தத் தண்டனையை உறுதி செய்தது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமும் இதையே ஒரு கைக்கடிகார உதாரணத்தால் சொன்னது: பழுதுபார்த்த கூலிக்காக ஒருவர் சட்டப்படி பிடித்து வைத்திருக்கும் கடிகாரத்தை, அந்தப் பிடியைக் கெடுக்கும் எண்ணத்தோடு சொந்தக்காரரே எடுத்தாலும் அது திருட்டுதான்.

நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. அதனால் ஆங்கிலேயச் சட்ட மரபைப் பின்பற்றும் நாடுகளுக்குப் பொதுவாக உள்ளதைச் சொல்கிறேன். எங்கே, எத்தனை நாளுக்குள் வழக்குப் போடுவது என்பதை மட்டும் உள்ளூர் வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நுகர்வோர் நீதிமன்றங்களில் காலவரம்பு பெரும்பாலும் சிவில் வழக்கைவிடக் குறைவு. ஆகவே பேசிப் பார்க்கிறேன் என்று மாதங்களை ஓட்டிவிட வேண்டாம்.

அடுத்து ஆதாரம். பணம், பில், வாடகை எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம் என்பது என் கருத்து. துரு வழக்குகளில் உண்மை பெயின்டுக்கு அடியில் இருக்கிறது. யாராவது கிரைண்டர் எடுத்து அந்தச் சில்லை வெட்டிவிட்டால் உங்கள் வழக்கின் பாதி அந்தத் தூசியோடு போய்விடும். பட்டறைக்காரரே நாளைக்கு, 'சரி, கொப்புளத்தைச் சரிசெய்து தருகிறேன்' என்று நல்ல மனதோடு சொல்லலாம். அப்போதும் அவசரப்படாதீர்கள். முதலில் இருதரப்புக்கும் வேண்டியவராக இல்லாத ஒரு நிபுணர், இருவரும் உடனிருக்க, வண்டியைப் பார்த்து எழுத வேண்டும். வேலை அதற்கு அப்புறம்.

உங்கள் வண்டியின் அமைப்பை வைத்து, அவர் எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. தகட்டு உடலே எலும்புக்கூடு. அதிலும் ஓப்பன் காருக்கு மேற்கூரை இல்லாததால், முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வளையாமல் பிடித்திருக்கும் வேலை பெருமளவு கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் பெட்டிகளின் தலையில்தான் விழுகிறது. அது ஒற்றைத் தகடு இல்லை. வெளித்தகடு, நடுத்தகடு, உள்தகடு என்று அடுக்கடுக்காக இருக்கும். ஒழுங்கான வேலை என்றால் மக்கிய அடுக்குகளை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்து, புதிதாக வைத்து வெல்டிங் செய்து, உள்ளே மெழுகு பாய்ச்ச வேண்டும். வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளிக்குக் குறுக்கே கம்பி கட்டி உடலை நிறுத்தி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். ஒழுங்கில்லாத வேலை என்றால் மக்கியதன் மேலேயே புதிய வெளித்தகட்டைப் போர்த்தி, பட்டி பூசி, பெயின்ட் அடித்துவிடுவது. வெளியே பளபளப்பாக இருக்கும், உள்ளே துரு தின்றுகொண்டே போகும். ஜாக்கி வைத்த இடம் நொறுங்கியது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு இந்தச் சந்தேகம்தான் வந்தது. ஆனால் சந்தேகத்தை வைத்து நீதிமன்றத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

நீர் வடியும் துளை வழியாகச் சின்னக் கேமராவை விட்டு சில்லின் உட்புறத்தைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். பெயின்ட் தடிமன் பார்க்கும் கருவியால் உடல் முழுக்க அளந்து, எந்த இடத்தில் எத்தனை மைக்ரான் என்று எழுதச் சொல்லுங்கள். நல்ல பெயின்ட் சில நூறு மைக்ரானுக்குள் இருக்கும். ஆயிரக்கணக்கில் காட்டினால் அடியில் பட்டி தடிமனாக இருக்கிறது. வண்டி தரையில் நிற்கும்போதும் தூக்கிய பிறகும் கதவின் மேல் இடைவெளியையும் கீழ் இடைவெளியையும் அளக்கட்டும். தூக்கியதும் கதவு மூடவில்லை என்றால் உடலுக்குப் பலம் இல்லை என்று அந்த ஒரு அளவே சொல்லிவிடும். பட்டறை உள்ளே விடவில்லை என்றால், அந்த மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். நீதிமன்றம் வழியாக ஆணையரோ நிபுணரோ நியமிக்கக் கேட்கும்போது அந்தத் தாள் உதவும்.

சரி, வண்டியைப் பிடித்து வைக்க அவர்களுக்கு உரிமை உண்டா? பொதுவாக உண்டு. ஒரு பொருளின் மேல் உழைப்பையும் திறமையையும் செலுத்தியவர், கூலி வரும் வரை அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். இதற்குப் பற்றுரிமை என்று பெயர். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 170-ஆம் பிரிவில் இதற்கு இரண்டு உதாரணம் தருகிறது. பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தை, கூலி தரும் வரை நகைக்காரர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் கோட் தைக்கக் கொடுத்தபோது, தைத்ததும் தருகிறேன், பணத்துக்கு மூன்று மாதத் தவணை என்று தையற்காரர் ஒப்புக்கொண்டிருந்தால், பணத்துக்காக அவர் கோட்டைப் பிடித்து வைக்க முடியாது.

உங்கள் வாட்ஸ்அப் செய்தி இந்த இரண்டாவது உதாரணத்தைப் போலவே இருக்கிறது. 'முடிந்ததும் எடுத்துக்கொள்ளுங்கள், மீதி தவணையில்' என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தச் செய்தியை அழியாமல் பத்திரப்படுத்துங்கள், கைபேசியையும் மாற்றாதீர்கள். எஸ்டிமேட் தொகையைப் பொறுத்தவரை அவருக்குப் பற்றுரிமை இல்லை என்று இதை வைத்து உறுதியாக வாதிடலாம். பின்னால் கூடிய வேலைக்கு அந்தத் தவணை பொருந்தாது என்று அவர் சொல்வார். அது ஓரளவு வலுவான வாதம்தான், அதனால் மொத்த வழக்கையும் இந்த ஒரு செய்தியின் மேல் வைக்க மாட்டேன். உரிமை இல்லை என்று நீதிமன்றம் சொல்ல வேண்டும், அதுவரை நாமாகப் போய் எடுக்கக் கூடாது.

நாள் வாடகை விஷயத்தில் நீங்கள் பயப்படத் தேவையில்லை. 1860-லேயே, அப்போது இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை இதைத் தீர்த்துவிட்டது. பழுதுபார்த்த ஒரு கப்பலைக் கூலிக்காகத் துறையில் பிடித்து வைத்தவர், பிடித்து வைத்த நாட்களுக்கும் துறை வாடகை கேட்டார். தன் பாதுகாப்புக்காகத் தானே பிடித்து வைத்ததற்கு அடுத்தவரிடம் வாடகை கேட்க முடியாது என்று முடிவானது. வண்டியை விட்டபோது நீங்கள் கையெழுத்துப் போட்ட ஜாப் கார்டில் (வேலை விவரத் தாளில்) வாடகை பற்றி ஏதாவது வரி இருந்தால் கதை மாறும், எடுத்துப் படித்துப் பாருங்கள். அதேபோல், எடுத்துக்கொண்டு போங்கள் என்று அவர் சொல்லியும் நீங்கள் விட்டுவைத்தால் வாடகை கேட்க இடம் உண்டு. பிடித்து வைத்திருக்கும் காலத்தில் அவர் வண்டியை ஓட்டவோ, வெயிலிலும் மழையிலும் போட்டு வைக்கவோ கூடாது. பற்றுரிமை மட்டும் இருந்தால் தன் இஷ்டத்துக்கு விற்கவும் முடியாது. சில நாடுகளில் தனிச் சட்டம் விற்க வழி தருகிறது, அதற்கும் முறையான அறிவிப்பு வேண்டும். அப்படி எந்தக் கடிதம் வந்தாலும் ஒரு நாள்கூடக் கிடப்பில் போடாதீர்கள்.

இரண்டரை மடங்கு பில்லைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பெயின்டை எடுத்த பிறகுதான் துரு எவ்வளவு என்று தெரியும், எஸ்டிமேட் கூடுவது மோசடி ஆகிவிடாது. 'செய்ய வேண்டியதைச் செய்யுங்க' என்று நீங்கள் எழுதியது அவருக்குச் சாதகமான வரி. கூடுதல் வேலைக்கு நீங்கள் அனுமதி தந்துவிட்டீர்கள். ஆனால் எந்த விலைக்கும் தந்துவிடவில்லை. விலை பேசாத வேலைக்கு நியாயமான கூலிதான் உண்டு. அதுவும் தேவையான வேலைக்கு, உண்மையில் செய்த வேலைக்கு. எனவே பில்லை மறுத்து ஒரே வரியில் கடிதம் எழுதாதீர்கள். எத்தனை மணி நேரம், எந்தப் பகுதி, எந்தத் தகடு எங்கே வாங்கியது, வெட்டும்போது எடுத்த படங்கள் எங்கே என்று விவரம் கேளுங்கள். மூன்று அடுக்குச் சில் மாற்றியதாகப் பில் போட்டிருந்து, கேமராவில் பழைய மக்கிய நடுத்தகடு தெரிந்தால், அதற்கு மேல் பெரிதாக வாதாட வேண்டியதே இருக்காது.

தரம் பற்றிய சட்டம் எளிமையானது. இந்த வேலை தெரியும் என்று சொல்லிப் பொறுப்பேற்றவர், அந்தத் தொழிலில் சராசரித் திறமையுள்ள ஒருவர் செய்யும் அளவுக்காவது செய்ய வேண்டும். இங்கே நீங்கள் உங்களையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். 'செலவைக் குறையுங்க, பார்க்க நன்றாக இருந்தால் போதும்' என்று எப்போதாவது சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அதை உங்கள் வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பிலிருந்து முதல்முறையாகக் கேட்கும்படி அவரை விடாதீர்கள். அப்படிச் சொல்லியிருந்தாலும், தாங்கும் பகுதி மக்கியிருப்பது தெரிந்தும் எச்சரிக்காமல் மூடியது அவர் தவறுதான். ஆனால் நஷ்டஈடு குறையலாம்.

திரும்பச் சரிசெய்ய ஆகும் செலவு வண்டியின் சந்தை விலையையே தாண்டக்கூடும். அதைக் காட்டி அவர்கள் 1995-ல் வந்த நீச்சல்குளத் தீர்ப்பைச் சொல்லலாம். ஒப்பந்தத்தைவிட ஆழம் குறைவாகக் கட்டிய குளம் அது. பயன்படுத்துவதில் குறை இல்லை என்பதால், இடித்துக் கட்டும் செலவைப் பிரபுக்கள் சபை தரவில்லை. உங்கள் வண்டிக்கு அது பொருந்தாது என்பது என் வாதமாக இருக்கும். சில் நொறுங்கிய ஓப்பன் காரைச் சாலையில் ஓட்டுவதே ஆபத்து, இங்கே கேட்பது அழகு இல்லை, பாதுகாப்பு. வேறு இரண்டு பட்டறைகளிடம், நிபுணர் அறிக்கையைக் காட்டி, எழுத்தில் விலை வாங்கி வையுங்கள்.

வண்டி உங்களுக்கு உடனே வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. உங்கள் கணக்கில் தகராறு இல்லாத தொகை எவ்வளவோ அதை எழுத்தில் வைத்துக் கொடுக்க முன்வாருங்கள். மீதியை நீதிமன்றத்தில் கட்டி, வண்டியை விடுவிக்க உத்தரவு கேட்கலாம். அல்லது, 'என் உரிமை எதையும் விட்டுக்கொடுக்காமல், ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்' என்று எழுதிக் கொடுத்துக் கட்டி எடுத்துக்கொண்டு, பிறகு வழக்குப் போடலாம். பணம் இருந்தால் இரண்டாவதுதான் விரைவு. ஆனால் வண்டி வாங்கும்போது 'முழு திருப்தியோடு பெற்றுக்கொண்டேன்' என்ற தாளை நீட்டுவார்கள். அதில் கையெழுத்துப் போட வேண்டாம்.

காணாமல்போன மீட்டர்களும் சக்கரங்களும் தனிக் கோரிக்கை. கழற்றிய எல்லாமே உங்கள் சொத்து. ஒப்படைத்த பொருளைத் திருப்பித் தர முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று விளக்கும் பொறுப்பு அவருடையது. பழைய காரில் அசல் மீட்டர் இருப்பதும் இல்லாததும் மதிப்பையே மாற்றும், அதனால் வண்டியை விட்ட நாளில் எடுத்த படங்களைத் தேடுங்கள். குடும்பத்தார் கைபேசியில்கூட இருக்கலாம். வழக்கறிஞர் வழியாக அனுப்பும் நோட்டீஸில் இவற்றை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வெட்டி எடுத்ததாகச் சொல்லும் பழைய சில் துண்டுகளையும் அதே பட்டியலில் சேருங்கள். அவர் உண்மையிலேயே வெட்டியிருந்தால் காட்டட்டும்.