திரைவழி வகுப்பில் ஓவியக் கற்பனை

கேள்வி: ஓவியப் பட்டப்படிப்பு மாணவர்களுக்குச் சேலத்திலிருந்து இணையவழியில் பாடம் நடத்துகிறேன். சிலர் ஏற்காட்டு மலைக் கிராமங்களிலிருந்து இணைகிறார்கள். எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் இணையத்தில் கண்ட படத்தையே பெரும்பாலோர் வரைந்து அனுப்புகிறார்கள். அவர்களது சொந்தக் கற்பனையை வளர்ப்பது எப்படி?
– விரிவுரையாளர், சேலம்

பதில்: 'இயற்கை', 'தாய்மை' என்று பொதுவான தலைப்பைக் கொடுத்தால் மாணவரின் கை முதலில் கைபேசியைத்தான் நாடும். இதைச் சோம்பல் என்று நான் கருதவில்லை. பற்றிக்கொள்ளத் தலைப்பில் ஒன்றும் இல்லை என்பதே காரணம். கல்லூரி அறையில் எல்லாரும் ஒரே மேசையில் உள்ள ஒரே பானையை வரைகிறார்கள். இணைய வகுப்பிலோ ஒருவர் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்குப் பக்கத்திலும், மற்றொருவர் காப்பித் தோட்டத்து நடுவிலும் அமர்ந்திருக்கிறார். அந்த இடங்களையே பாடமாக்குங்கள்.

மலையில் இருப்பவரிடம், சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடியைப் பென்சில் தொடாமல், காப்பி டிகாக்ஷனும் தூரிகையும் மட்டும் கொண்டு வரையச் சொல்லுங்கள். நீர்த்த டிகாக்ஷனை ஒருமுறை பூசி, காய்ந்தபின் அடுத்த பூச்சைக் கொடுத்தால் நிறம் படிப்படியாக அடர்ந்து வரும். ஈரத்தின்மேல் பூசினால் ஓரம் கலைந்து பரவும். நிறம் ஒன்றே என்றான பிறகு, எந்த இலையை வெள்ளைத் தாளாகவே விடுவது, எதை இருளுக்குள் தள்ளுவது என்பதை அவரேதான் முடிவு செய்தாக வேண்டும். எந்தத் தேடுபொறியும் அதைச் செய்து தராது. தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலில், இராமன் நிற்கும் தூணிலிருந்து வாலி தெரிவான், வாலியின் தூணிலிருந்து இராமன் தெரியமாட்டான் என்பது நம் பக்கத்தில் எல்லாரும் அறிந்தது. அவ்வூர் மாணவர், அந்த மறைவு எப்படி அமைந்தது என்பதைக் கோட்டோவியங்களாலேயே ஆராயட்டும்.

முடித்த படத்தை மட்டும் கேட்காதீர்கள். படைப்பாற்றலை ஆய்வு செய்ய வேண்டும் என்று 1950இல் வலியுறுத்திய உளவியலாளர் கில்ஃபோர்டு, ஒரே விடையை நோக்கிக் குவியும் சிந்தனையிலிருந்து பல விடைகளாக விரியும் சிந்தனையைப் பிரித்துக் காட்டினார். ஆகவே ஒரு பொருளுக்குத் தீப்பெட்டி அளவில் பத்து வரைவுகளாவது கேளுங்கள். முதல் மூன்று நான்கில் பழகிய உருவங்களே வரும், அவை தீர்ந்த பிறகுதான் மாணவர் தேடத் தொடங்குவார்.

படமெடுக்கும்போது ஓவியத்தின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைக்கச் சொல்லுங்கள். மஞ்சள் விளக்கால் நிறம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று அதைக் கொண்டு கணிக்கலாம். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் நுண்கோடுகள் மங்கும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: மலையில் சிக்னல் அடிக்கடி அறுந்துவிடுகிறது. விமர்சன வகுப்பை எப்படி நடத்துவது?

பதில்: நேரலையை நம்ப வேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் உங்கள் கருத்தைக் குரல்பதிவாக அனுப்புங்கள். சிக்னல் கிடைக்கும்போது கேட்டுக்கொள்வார்கள். 'நன்று' என்று முடித்துவிடாமல், "இடப்பக்கத்து இலையை ஏன் இவ்வளவு இருட்டாக்கினீர்கள்?" என்பதுபோல் குறிப்பாகக் கேளுங்கள். மாணவர் தம் பதிலைச் சொல்லாக அனுப்பாமல், அடுத்த வரைவாகவே அனுப்பட்டும்.