என்பிஎஸ் கணக்கில் பிட்காயின் வாங்க முடியுமா?

தண்டையார்பேட்டை நண்பரே, அமெரிக்காவில் இருக்கும் உங்கள் மச்சான் தன் ஐஆர்ஏ ஓய்வுக்காலக் கணக்கில் பிட்காயின் வைத்திருப்பது அங்கே நடக்கிற விஷயம்தான். நம் என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்), பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) இரண்டிலும் அதற்கு வழியே இல்லை. "வரிச்சலுகையோடு கிரிப்டோ பென்ஷன்" என்று எம்.சி. ரோட்டில் ஒருவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அவரிடம் பத்து பைசா கொடுக்காதீர்கள்.

தனியாக வாங்கலாம், சரி. லாபத்துக்கு 30% வரி, அந்த வரித்தொகையின் மேல் 4% செஸ் என்ற கூடுதல் வரி. நஷ்டத்தைக் கழிக்கவும் விடமாட்டார்கள், அதுதான் வயிற்றெரிச்சல். பிட்காயினில் 40,000 ரூபாய் லாபம், வேறொரு காயினில் 30,000 நஷ்டம் என்றால் உங்களுக்கு மிஞ்சுவது 10,000. வரியோ முழு 40,000க்கும் சேர்த்து 12,480!

பழைய வரிமுறையில் இருக்கிறீர்களா? அப்படியென்றால் முதலில் என்பிஎஸ்ஸில் போடும் பணத்துக்கான கூடுதல் 50,000 ரூபாய் வருமான வரிக் கழிவைப் பயன்படுத்துங்கள். அப்புறம் காயினைப் பார்க்கலாம்.