கீசர் கோளாறுகள்: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 25 லிட்டர் கீசர். பத்து நிமிடத்தில் விளக்கு அணைந்துவிடுகிறது, தண்ணீரோ வெதுவெதுப்புதான். காயில் போய்விட்டதா ஐயா?

பதில்: காயில் போயிருந்தால் வெதுவெதுப்புகூட வந்திருக்காது. 2000 வாட் காயில் அந்தத் தொட்டி நீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த அரை மணி நேரம் எடுக்கும். உங்களுடையது பத்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது என்றால் சந்தேகம் தெர்மோஸ்டாட் மீதுதான்; குறித்த சூடு வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் கருவி அது. குமிழ் குறைந்த அளவில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதுவும் சரியென்றால், காயிலைச் சுற்றி உப்பு படிந்து சூடு அங்கேயே தேங்கி, தொட்டி முழுவதும் சூடானதாகத் தெர்மோஸ்டாட் ஏமாறியிருக்கலாம். தொட்டியைத் திறந்து படிவை நீக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் புதுக் காயில் வாங்காதீர்கள்.

கேள்வி: சூடாகும்போது கடகடவென்று சத்தம் வருகிறது.

பதில்: அதுவும் உப்புப் படிவுதான். படிவுக்கு அடியில் சிக்கும் நீர் கொதித்துக் குமிழியாக வெடிக்கும் ஓசை அது.

கேள்வி: கீசரின் அடியிலுள்ள வால்வு சொட்டிக்கொண்டே இருக்கிறது. அதை அடைத்துவிடலாம் என்கிறார் பிளம்பர். செய்யலாமா?

பதில்: வேண்டாம், எக்காரணம் கொண்டும் வேண்டாம். இந்த ஒரு பதிலையாவது வீட்டில் எல்லோரிடமும் சொல்லுங்கள். 25 லிட்டர் நீர் 60 டிகிரிக்குச் சூடாகும்போது சுமார் 350 மில்லி அளவுக்குப் பெருகுகிறது. வந்த வழியே திரும்பிப் போக ஒருவழி வால்வு விடாது. ஆகவே அந்த நீர் இந்த வால்வு வழியாகத்தான் வெளியேற வேண்டும். சூடாகும் நேரத்தில் மட்டும் சொட்டினால் வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். கீசர் அணைந்திருக்கும்போதும் சொட்டினால், வால்வின் வாயில் அழுக்கு சிக்கியிருக்கும், அல்லது குழாயில் வரும் நீரின் அழுத்தமே அதிகமாக இருக்கும். முதலாவதற்கு வால்வை மாற்றுங்கள். இரண்டாவதற்கு அழுத்தம் குறைக்கும் வால்வு போடுங்கள்.

அடைத்துவிட்டால் என்ன ஆகும்? ஒருநாள் தெர்மோஸ்டாட்டும் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை நிறுத்தாமல் விட்டால், அழுத்தத்தில் அடைபட்ட நீர் 100 டிகிரியைத் தாண்டியும் நீராகவே இருக்கும். தொட்டி பிளந்த நொடியில் அதில் ஒரு பகுதி நீராவியாகிவிடும். நீராவிக்கு நீரைப்போல் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் வேண்டும். அந்த வேகத்தைச் சுவரும் தாங்காது. வால்விலிருந்து இறங்கும் குழாயின் முனையும் திறந்தே இருக்கட்டும்.

கேள்வி: குழாயைத் தொட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது. லேசாகத்தான், பொறுத்துக்கொள்ளலாமா?

பதில்: இதைப் படித்தவுடன் கீசரின் மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள். காயிலின் உறை விரிசல் விட்டு மின்சாரம் நீரில் கசிகிறது என்பதே பெரும்பாலும் காரணம். எர்த் இணைப்பும் அறுந்திருக்க வேண்டும், இல்லையேல் உங்களுக்கு ஷாக் தெரிந்திருக்காது. ஈர உடம்பில் “லேசான” ஷாக் என்று ஒன்றில்லை. எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதே என்று நம்பாதீர்கள். 16 ஆம்பியரைத் தாண்டினால்தான் அது விழும். அதில் நூறில் ஒரு பங்கே உயிரைப் பறிக்கப் போதும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்சிசிபி கட்டாயம் தேவை. எலக்ட்ரீஷியன் எர்த்தைச் சோதித்துச் சரிசெய்யும்வரை அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை நாற்றம். ஏன்?

பதில்: தொட்டி துருப்பிடிக்காமல் காக்க உள்ளே ஒரு மக்னீசியத் தண்டு இருக்கிறது. சில நுண்ணுயிரிகள் அதன் துணையோடு நீரிலுள்ள சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. நாற்றம் அதுவே. தொட்டியைக் கழுவி, அலுமினியம்-துத்தநாகத் தண்டு போட்டுப் பாருங்கள். தண்டே வேண்டாம் என்று கழற்றிவிட்டால் நாற்றம் போகும், பின்னாலேயே தொட்டியும் துருவேறிப் போகும்.

கேள்வி: மின்சாரத்தை மிச்சப்படுத்த 40 டிகிரியில் வைத்திருக்கிறேன். சரிதானே அண்ணா?

பதில்: சரியில்லை. 20 முதல் 45 டிகிரி வரை, நுரையீரலைத் தாக்கும் லீஜியோனெல்லா பாக்டீரியா பெருகும் வெப்பநிலை. தொட்டியில் 60 வையுங்கள், குழாயில் குளிர்நீர் கலந்துகொள்ளுங்கள். 60 டிகிரி நீர் சில நொடிகளில் தோலைச் சுட்டுவிடும் என்பதால், குழந்தைகளோ முதியவர்களோ இருக்கும் வீட்டில் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கலப்பு வால்வு பொருத்துவது நல்லது.

கேள்வி: குளியலறையில் கேஸ் கீசர். குளித்து முடித்தால் தலை சுற்றுகிறது.

பதில்: இனி அதைப் பற்றவைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு நிறமோ மணமோ இல்லாத நஞ்சு. மூடிய அறையில் எரியும் கேஸ் கீசரிலிருந்து வரும், உங்கள் தலைச்சுற்றலுக்கு அதுவே காரணமாக இருக்கலாம். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக இருந்தால் எரிதல் சரியில்லை என்பது உறுதி. நீலமாக இருந்தாலும் காற்றோட்டமில்லாத அறையில் ஆபத்து உண்டு. கீசரை வெளிப்புறச் சுவருக்கு மாற்றி, வெந்நீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொண்டுவாருங்கள். மறுபடி தலை சுற்றினால் உடனே வெளிக்காற்றுக்கு வந்து மருத்துவரைப் பாருங்கள்.